மறு: ‘குளிர் தொடக்கம்’ சரிப்படாது, ‘வெற்றேடு’ எப்படி?

அண்ணே, வணக்கம்.

> ஒவ்வொருவருக்கும் பிடிக்கக்கூடியதைக் காட்டும் பரிந்துரை அமைப்புக்குப் புதியவரைப் பற்றி ஒன்றும் தெரியாத நிலை: ‘குளிர் தொடக்கம்’ என்றே வைத்துக்கொள்வோம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் விடிகாலை மழை பெய்தால் மோட்டார் நாலு உதை வாங்கித்தான் கிளம்பும். ‘cold start’ என்ற ஆங்கிலச் சொல் அந்த எஞ்சின் சங்கதியிலிருந்து வந்தது. அங்கே குளிருக்குப் பொருள் உண்டு. பரிந்துரையில் இயந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆளைத்தான் தெரியவில்லை.

ரப்பர் தோட்டத்து மளிகைக் கடையில் வீட்டுக்கொரு 555 புத்தகம் இருக்குமே, கடன் எழுத, உள்ளங்கை அகலத்தில்? யார் வீட்டில் நெத்திலி அதிகம், யாருக்கு எந்த பிஸ்கட் என்று கடைக்காரர் அதைப் புரட்டியே சொல்லிவிடுவார். கூட்டு வடிகட்டல் என்ற பரிந்துரை முறையும் அதேதான்: ஒரே மாதிரி வாங்கும் இரண்டு வீட்டைக் கண்டுபிடித்து, ஒரு வீட்டில் வாங்கியதை மறு வீட்டுக்குக் காட்டும். வேறு தோட்டத்திலிருந்து நேற்று வந்த குடும்பத்துக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. ஆகவே ‘வெற்றேட்டுச் சிக்கல்’.

புதிய பொருளுக்கும் இது பொருந்தும். 2013இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் யாரும் மதிப்பிடாத கைப்பேசிச் செயலிகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் டுவிட்டர் கணக்கை யார் யார் பின்தொடர்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஏடு வெறுமை, பக்கத்து ஏட்டைப் புரட்டினார்கள்.

இப்படிச் சமூக ஊடகத்திலிருந்து எடுத்து நிரப்புவதை ‘இரவல் ஏடு’ எனலாம். “எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை?” என்று கடைக்காரர் விசாரிப்பாரே, அது. ஆனால் இரவல் வாங்கியதை வாசிக்கத் தெரிய வேண்டும். என் மச்சான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ‘மழை, இன்னிக்கும் பால் இல்ல’ என்று தன் சமூக ஊடகக் கணக்கில் ரோமன் எழுத்தில் வாரம் முழுக்கப் போட்டார். பிறகு அதே கணக்கோடு ஒரு கடைச் செயலிக்குள் போனால், முதல் பக்கம் முழுக்கப் பால்மாவு டின்! காரணம் அதுதான் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

—

தம்பி,

எஞ்சின் வாதம் சரி, குளிரை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘ஏடு’ என்றதும் என் மாணவர்களுக்கு நாளேடுதான் ஞாபகம் வரும். ‘தடமின்மை’ எளிது. இன்னொன்று: இரவல் என்பது கேட்டு வாங்குவது. இந்தச் செயலிக்காரர்கள் எங்கே கேட்கிறார்கள்?

—

அண்ணே,

அதற்காகவேதான் அந்தச் சொல். அனுமதி கேட்டு எடுத்தால் இரவல் ஏடு. கேட்காமல் எடுப்பதற்கு நீங்களே நல்ல சொல்லாகப் பாருங்கள், ‘திரு’வில் தொடங்கினாலும் சம்மதம்.

‘தடமின்மை’ ஒத்துவராது. தடம் இருக்கிறது, வேறு கடையில் இருக்கிறது. சமூக ஊடகப் பதிவைத் தேடிப் போவதே அதனால்தானே. அடைமொழியாகவும் வைத்துப் பாருங்கள்: ‘வெற்றேட்டுப் பயனர்’, ‘வெற்றேட்டுப் பொருள்’. இரண்டும் நிற்கின்றன. ‘குளிர்ப் பயனர்’ என்று எழுதியிருந்தால் நான் பனடோல் மாத்திரை எடுத்துக் கொடுத்திருப்பேன்.