கீழ்ப் பல்செட் மட்டும் ஏன் நிற்பதில்லை?

முழு செட் மாட்டியவர்கள் சொல்கிற குறை பெரும்பாலும் இதுதான்: மேல் செட் பரவாயில்லை, கீழ் செட் பேசும்போதே எழும்புகிறது. செய்தவர் கைவேலை சரியில்லை என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். மேல் செட் அண்ணம் முழுக்கப் படிந்து, எச்சில் படலத்தால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. கீழே அந்தப் பரப்பே இல்லை. ஒல்லியான வரப்புபோல ஈறு, நடுவே ஓயாத நாக்கு. போதாக்குறைக்கு, பல் போனபின் எலும்பு கரைவதும் கீழ்த்தாடையில்தான் அதிகம். மேல்தாடையைவிட ஏறத்தாழ 4 மடங்கு. முதல் வருடம் வேகமாகக் கரையும், பிறகு மெதுவாகத் தொடரும்.

பல் எடுத்த அன்றே மாட்டிய செட்டுக்குச் சில மாதங்களிலேயே ரீலைன் தேவைப்படும். உள்பக்கம் புது அக்ரிலிக் சேர்த்து, சுருங்கிய ஈறுக்குப் பொருத்துவார்கள். அதைத் தள்ளிப்போட்டுப் பசையை அள்ளிப் பூசுகிறவர்களே அதிகம். பட்டாணி அளவில் 3, 4 பொட்டு போதும். ஓரத்தில் பிதுங்கினால் கூடிப்போச்சு என்று அர்த்தம். துத்தநாகம் கலந்த பசையை வருடக்கணக்கில் அளவுமீறிப் போட்டால் உடலில் தாமிரம் குறைந்து கைகால் மரத்துப்போகும். துத்தநாகம் இல்லாததே நல்லது.

—

புண் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புத்தாளால் வீட்டிலேயே செட்டைத் தேய்த்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அதன்பின் அது எதற்கும் ஆகாது. புண் வந்தால் கழற்றி வையுங்கள். டாக்டரிடம் போகும் நாளில் மட்டும் சில மணி நேரம் மாட்டிக்கொண்டு போங்கள், தடம் தெரிந்தால்தான் எங்கே குறைப்பது என்று பிடிபடும். செட்டைச் சரிசெய்தும் 2 வாரத்தில் ஆறாத புண்ணைச் சும்மா விடக்கூடாது. புற்றுநோயா என்று பார்த்தாக வேண்டும்.

—

இரவிலும் கழற்றாதவர்களுக்கு அண்ணம் செக்கச்செவேலென்று இருக்கும், வலி இருக்காது. கேண்டிடா பூஞ்சை. மருந்து போட்டால் அடங்கும், திரும்ப வரும். ஏனென்றால் அது செட்டின் நுண்துளைகளிலும் குடியிருக்கிறது. அதனால் செட்டையும் தினம் கழுவ வேண்டும்; மென்மையான பிரஷ், சாதா சோப்பு, பச்சைத் தண்ணீர் போதும். பேஸ்ட் கீறல் போடும், கொதிநீர் செட்டை வளைத்துவிடும். கம்பியோ உலோகமோ உள்ள செட்டைப் பிளீச்சில் போடாதீர்கள், அரித்துவிடும். கழுவும் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பி அதன்மேல் வைத்துத் தேய்த்தால், கைதவறினாலும் உடையாது.

—

எலும்பு ரொம்பவே கரைந்துவிட்டால் ரீலைனும் கைகொடுக்காது. கீழ்த்தாடையின் முன்பக்கம் 2 இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் சிறு திருகுகள் வைத்து, அதில் செட்டை அழுத்தி மாட்டும் முறை இருக்கிறது. கீழே ஒரு பல்லும் இல்லாதவர்களுக்கு முதலில் யோசிக்க வேண்டியதே இதுதான் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் புகைப்பவர்களும் முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வருவது நல்லது; இல்லாவிட்டால் இம்ப்ளான்ட் எலும்போடு பிடிக்காமல் போகும் வாய்ப்பு கூடுதல்.