செக்பாயிண்டுக்கு என்ன சொல்: சாவடியா, தோட்டியா, கடிவாளமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நோயெதிர்ப்பு ஆய்வாளர் ஜேம்ஸ் அலிசனின் ஆய்வு வாழ்க்கையைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். டெக்சாஸில் பிறந்தது, சிறுவயதிலேயே தாயை நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது, 1982இல் டி செல் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணுவின் ஏற்பியை அடையாளம் கண்டது எல்லாம் தடங்கல் இல்லாமல் ஓடிவிட்டன. பெர்க்கிலிக்குப் போய் அவர் சிடிஎல்ஏ-4 புரதத்தைக் கையில் எடுக்கும் இடத்தில் நின்றுவிட்டேன். 'இம்யூன் செக்பாயிண்ட் இன்ஹிபிட்டர்' என்ற புற்றுநோய் மருந்து வகைக்கு என்ன எழுதுவது? 'நோயெதிர்ப்புச் சோதனைச்சாவடித் தடுப்பான்' என்று எழுதிப் பார்த்தேன். லாரியை மறித்துக் காகிதம் கேட்பதுபோல் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் வரும் சொல், சின்னதாக இருந்தால் புண்ணியம்.
– க.மீ.

---

> சோதனைச்சாவடித் தடுப்பான்

சொல்லைத் தேடுமுன் அது செய்யும் வேலையைப் பார்த்துவிடுவோம். டி செல் கிளம்புவதற்கு இரண்டு தூண்டல்கள் வேண்டும். ஏற்பி தனக்குரிய அந்நியப் பொருளைத் தொடுவது ஒன்று, சிடி28 என்ற புரதத்தின் வழியாக வரும் ஊக்கம் இன்னொன்று. கிளம்பியபின் அதே செல் சிடிஎல்ஏ-4ஐ மேலே கொண்டுவந்து தன்னை அடக்கிக்கொள்கிறது. சிடி28 பற்றும் அதே மூலக்கூறுகளை இது இன்னும் இறுக்கமாகப் பற்றுவதால், ஊக்கம் கிடைக்காமல் போகிறது.

1987இல் பிரான்சில் இதைக் கண்டெடுத்தபோது இதற்கு என்ன வேலை என்று தெரியாது. ஊக்குவிக்கும் புரதம் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். அடக்கும் புரதம் என்று காட்டியவை அலிசனின் ஆய்வகமும் ஜெஃப்ரி புளூஸ்டோனின் ஆய்வகமும். 1995இல் இந்த மரபணு இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி உறுப்புகளுக்குள் புகுந்ததில், அந்த எலிகள் சில வாரங்களில் இறந்துபோயின. ஆகவே சிடிஎல்ஏ-4 வில்லன் அல்ல, உடம்பு தன்னையே தின்றுவிடாமல் காப்பது. இதைக் கொஞ்சகாலம் எதிர்ப்பொருளால் (ஆன்டிபாடி) மறைத்தால் டி செல் கட்டியைத் தாக்குமா என்று அலிசன் கேட்டார். தாக்கும் என்று 1996இல் எலிகளில் தெரிந்தது.

இதில் 'சோதனை' எங்கே இருக்கிறது? நோயாளிகளிடம் நான் பிரேக் என்றுதான் சொல்கிறேன்.
– மரு. சு.

---

மருத்துவர் விளக்கத்துக்கு நன்றி. அடக்குவது, ஆனால் அழிக்காதது. அதற்கு நம்மிடம் ஈராயிரம் ஆண்டுச் சொல் இருக்கிறதே. 'உரனென்னும் தோட்டியான் ஓரைந்தும் காப்பான்.' தோட்டி என்றால் அங்குசம். யானையைக் கொல்வதற்கு யாரும் தோட்டி எடுப்பதில்லை. புரதம் 'எதிர்ப்புத் தோட்டி', மருந்து 'தோட்டி விலக்கி'. தொடு என்னும் வேரடியில் பிறந்த சொல் இது என்பது என் கருத்து. தொடுதல் என்றால் தீண்டல், தோண்டல் இரண்டும் உண்டு. தொட்டனைத் தூறும் மணற்கேணியை நினைக்க. தொட்டி, தோடு, தோட்டம், தோணி எல்லாம் இந்த வேரின் கிளைகளே என்பேன். இதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
– புலவர் தி.

---

ஐயா, தனி மடலே எழுதுங்கள், படிக்கிறேன். தோணி எப்படி உள்ளே வந்தது என்று அதில் தெரியட்டும். ஆனால் இந்தச் சொல் வேண்டாம். துப்புரவுத் தொழிலாளர்களை இழிவாக அழைக்க இதே எழுத்துகளைத்தான் பயன்படுத்தினார்கள். குறளில் வருவது வேறு சொல் என்று அடிக்குறிப்பு போட்டுக்கொண்டே இருக்க முடியாது.

செக்பாயிண்ட் என்றே எழுதினால் என்ன? இன்சுலினுக்குத் தமிழ் தேடினோமா?
– இள.

---

இன்சுலின் ஒரு பொருளின் பெயர். செக்பாயிண்ட் ஒரு கருத்தின் பெயர். கருத்தைக் கடன் வாங்கினால் வாசகருக்கு ஒலி மட்டும்தான் போய்ச் சேரும். தோட்டியைத் திரும்பப் பெறுகிறேன், மனமில்லாமல்.
– புலவர் தி.

---

வணக்கம். எங்கட இலங்கைப் பாடநூல்களில் இம்யூனிட்டி நிர்ப்பீடனம், செல் கலம், நீங்கள் எதிர்ப்பொருள் என்பது பிறபொருளெதிரி. ஆகவே 'நோயெதிர்ப்பு' என்று தொடங்கும் எந்தச் சொல்லும் எங்கட பிள்ளைகளுக்குப் பாதிதான் உதவும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. செக்பாயிண்ட் முதலில் கலவட்டப் பாடத்தில், அதாவது கலம் வளர்ந்து பிரிகிற சுழற்சியைப் பற்றிய பாடத்தில் வருகிற சொல். ஹார்ட்வெல், வைனர்ட் என்ற ஆய்வாளர்கள் 1989இல் அதை நிலைநிறுத்தினார்கள். அங்கே கலம் உண்மையிலேயே நின்று, டிஎன்ஏ பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. அதற்குச் சோதனைச்சாவடி பொருந்தும். மருத்துவர் சொல்லும் புரதம் எதையும் பார்ப்பதில்லை, அடக்குகிறது. அப்படியென்றால் தமிழில் இரண்டு சொற்களா, ஒன்றா? ஒரே வகுப்பில் இரண்டையும் படிப்பிக்கிறேன், 'ரீச்சர், ஆங்கிலத்தில் ஒன்றுதானே' என்று கட்டாயம் கேட்பார்கள்.
– ஆசிரியை வ.

---

இரண்டு சொற்களே சரி, அம்மா. அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் கொடுத்தபோது, எதற்காகக் கொடுக்கிறோம் என்று சொல்லும் வரியில் செக்பாயிண்டே கிடையாது. நோயெதிர்ப்பை மட்டுப்படுத்தும் நெறிப்பாட்டைத் தடுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை கண்டதற்காக என்றுதான் இருக்கிறது. நோபல் குழுவே அந்த வரியில் அந்தச் சொல்லைத் தொடாதபோது நமக்கு என்ன கட்டாயம்?

மருந்துக்கு 'தடைநீக்கி' எப்படி? தடையே தடுப்பு. அதற்கு ஒரு தடுப்பான் என்றால் தலை சுற்றுகிறது.
– இள.

---

தடைநீக்கி பிள்ளையார் பெயர்போல் இருக்கிறது. அது போகட்டும், மருந்து எதையும் நீக்குவதில்லையே. இபிலிமுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து சிடிஎல்ஏ-4 புரதத்தின்மேல் ஒட்டிக்கொண்டு, அதன் பிடியைத் தளர விடுகிறது. தளர்ந்தால் வருவதும் வருகிறது: குடல் அழற்சி, தோல் தடிப்பு, கல்லீரல், நாளமில்லாச் சுரப்பிகள் என்று எங்கு வேண்டுமானாலும். 2011இல் அமெரிக்காவில் முற்றிய மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு அனுமதி வந்த நாளிலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். அதனால் 'கடிவாளம்' என்கிறேன். தளர்த்தினால் குதிரை ஓடும், ஓடுவது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். ஹோன்ஜோ 1992இல் கண்ட, டி செல்லை அடக்கும் இன்னொரு புரதமான பிடி-1க்கும் இது பொருந்தும்.
– மரு. சு.

---

கடிவாளம்! மருத்துவர் அறிந்து சொன்னாரோ அறியாமல் சொன்னாரோ, தொல்காப்பிய உரியியலுக்கே வந்துவிட்டார். கடி என்னும் உரிச்சொல்லுக்கு 'வரைவே கூர்மை காப்பே புதுமை' என்று தொடங்கிப் பத்துப் பொருள் சொல்கிறது நூற்பா. வரைவு என்றால் விலக்கல். காப்பு என்றால் காவல், கடிமரம் என்பதில் இருப்பது அதுதான். விலக்கலும் காவலும் ஒரே சொல்லில்! சிடிஎல்ஏ-4 செய்வது வேறென்ன? வாளத்தை விட்டுவிடுவோம். 'கடி' போதும். கடிப்புரதம், கடிதளர்த்தி.
– புலவர் தி.

---

ஐயா, கடிப்புரதம் என்றால் கொசு உமிழ்நீரில் இருப்பது என்று நினைப்பார்கள்.
– இள.

---

கொசு கடிப்பது வினை, இது உரிச்சொல்.
– புலவர் தி.

---

நண்பர்களே, நாளை வெள்ளி. புரதத்துக்குக் 'கடிவாளப் புரதம்', மருந்துக்குக் 'கடிவாளத் தளர்த்தி' என்று போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் செக்பாயிண்ட் என்று பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். மருத்துவரும் இள.வும் சரி என்றார்கள், தனி மடலில் இன்னும் இருவர். 'நோயெதிர்ப்பு' என்ற முன்னொட்டை விட்டுவிட்டேன், நீளம் குறைகிறது.

கடைசியாக ஒன்று. அலிசன் ஹார்மோனிகா வாசிப்பார். நோயெதிர்ப்பு ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்தும் அவருடைய இசைக்குழுவின் பெயர் 'தி செக்பாயிண்ட்ஸ்'. அதை என்ன செய்ய?
– க.மீ.

---

பெயரைத் தொடாதீர்கள்.
– மரு. சு.

---

என் மறுப்பைப் பதிவுசெய்ய வேண்டும். கலவட்டத்துக்குச் 'சோதனைச்சாவடி', இதற்குக் 'கடிவாளம்' என்றால் வகுப்பில் சமாளிப்பேன். ஆனால் 'தளர்த்தி'யை ஏற்க முடியாது. தளர்த்துவது அளவோடு செய்கிற செயல். இந்த மருந்து எவ்வளவு தளர்த்தும், எந்த உறுப்பில் தளர்த்தும் என்பதை யாரும் கையில் பிடித்து நிறுத்த முடிவதில்லை என்று மருத்துவரே முன்பு எழுதினார். எனது குறிப்பேட்டில் 'கடிவாள மறைப்பி' என்றுதான் போகும்.
– ஆசிரியை வ.

---

மறைப்பியைப் பிறகு பார்ப்போம். அந்த இசைக்குழுவுக்குக் 'கடியர்' என்று வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!
– புலவர் தி.