வரைபடத்தில் பாதை, நேரில் பள்ளம்

போன ஞாயிறு மலையேற்றத்தில், கைப்பேசி காட்டிய பாதையிலேயே முகட்டிலிருந்து இறங்கினேன். பாதி வழியில் பாதையே இல்லை. காலடியில் பத்து மீட்டர் செங்குத்துப் பாறை. திரையில் நீலப் புள்ளி மட்டும் சமர்த்தாகக் கோட்டின் மேலேயே இருந்தது. வந்த வழியே ஏறித் திரும்பிவிட்டேன்.

ஆண்ட்ராய்டு போன், முன்பே இறக்கிவைத்த வரைபடம், யாரோ 2019இல் பதிந்த ஜிபிஎக்ஸ் தடம் (நடந்த வழியின் ஜிபிஎஸ் பதிவுக் கோப்பு). வரைபடத்தில் சமஉயரக் கோடுகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், 20 மீட்டர் உயர இடைவெளியில். (இரண்டு கோட்டுக்கு நடுவே பத்து மீட்டர் பாறை ஒளிந்துகொள்ளும் என்பது அப்புறம்தான் உறைத்தது.)

வரைபடத்தைப் புதிதாக இறக்கிப் பார்த்தேன், அதே கோடுதான். செயற்கைக்கோள் படத்தில் மரங்கள் மூடிக்கிடக்கின்றன. தடத்தைப் பதிந்தவரிடம் கேட்டேன், பதில் இல்லை.

மலை என்றால் ஆபத்து உண்டு, சரி. தெரிந்து ஏற்கத்தான் ஆசை. அடுத்த மாதம் மறுபடி போகிறேன்: தடத்தில் இப்படிப்பட்ட இடங்களைக் கிளம்பும் முன்பே எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?