புதுப்பிப்பு: நியூயார்க் பார்க்கிங் அபராதச் சீட்டு தள்ளுபடியானது

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வண்டி நிறுத்தத் தடையுள்ள நியூயார்க் நகரத் தெருவொன்றில் எனக்குக் கிடைத்த அபராதச் சீட்டில், அந்தத் தடை எந்த நாட்களில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அந்தச் சீட்டு தள்ளுபடியாகிவிட்டது.

வண்டியை அங்கே நிறுத்தினேனா என்பதைப் பற்றி நான் வாதாடவே இல்லை. மாநில வாகனப் போக்குவரத்துச் சட்டத்தின் 238ஆம் பிரிவு, நம்பர் பிளேட் விவரம், வண்டியின் தயாரிப்பு, வகை, இடம், நேரம் ஆகியவற்றோடு, எந்நேரமும் நடப்பில் இல்லாத விதியானால் அதன் நாட்களையும் நேரத்தையும் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்கிறது. தேவையான விவரம் விடுபட்டிருந்தால், விண்ணப்பிப்பவருக்குத் தள்ளுபடி உண்டு. விண்ணப்பிக்காதவருக்கு அது தானாகக் கிடைப்பதில்லை என்பதால், பணம் கட்டுமுன் சீட்டைக் கட்டம் கட்டமாகப் படித்துவிடுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

வெறுமையான கட்டம் தெளிவாகத் தெரியும்படி எடுத்த சீட்டின் படத்தையும், பிரிவு எண்ணைச் சுட்டிய சில வரி விளக்கத்தையும் மட்டுமே இணையவழி அனுப்பினேன். அவசர வேலை, போக்குவரத்து நெரிசல் போன்ற காரணங்களைச் சேர்ப்பது வாதத்தைத் திசைதிருப்பிவிடும் என்பது என் கருத்து.

சீட்டு கிடைத்த 30 நாட்களுக்குள் மறுத்தால் தாமதக் கட்டணம் சேராது. தீர்ப்பு பாதகமானால், மேல்முறையீட்டுக்கு மேலும் 30 நாட்கள் உண்டு.