புரொப்பிலீன் கேட்டால் மீத்தேன் வருகிறது, அவசர உதவி

உலைக்கரி: வெள்ளிக்கிழமை ஆய்வு கைடிடம் முடிவு காட்ட வேண்டும். குரோமியம் ஆக்சைடு–அலுமினா கேட்டலிஸ்டில் (வினையூக்கி) புரொப்பேன் டிஹைட்ரஜனேஷன், அதாவது புரொப்பேனிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றிப் புரொப்பிலீன் எடுப்பது. கன்வெர்ஷன் (வினைபுரிந்த புரொப்பேனின் பங்கு) நன்றாகவே இருக்கிறது, செலக்டிவிட்டி (அதில் புரொப்பிலீனாக மாறிய பங்கு) 50 சதவீதத்தைத் தாண்டமாட்டேன் என்கிறது. ஜிசியில் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) மீத்தேனும் எத்திலீனும் மலை மாதிரி நிற்கின்றன. கேட்டலிஸ்டை இரண்டு தடவை புதிதாகச் செய்தும் அதே கதைதான். என்ன தப்பு?

கந்தகம்: வெப்பநிலை என்ன? நைட்ரஜன் கலந்தீர்களா? ஜிசியில் போட்டது எத்தனையாவது நிமிடத்து ஊசி (மாதிரி வாயு)?

பச்சைக்கல்: அலுமினாவின் அமில வேலைதான், சந்தேகமே வேண்டாம். 1 சதவீதம் பொட்டாசியம் போடுங்கள். அமில இடங்கள் அடங்கும், கோக்கும் (கேட்டலிஸ்டில் படியும் கரி) குறையும்.

மூத்தபியூரெட்: கார்பன் பேலன்ஸ் (உள்ளே போன கார்பன் முழுதும் வெளியே வந்ததா என்ற கணக்கு) போடாமல் செலக்டிவிட்டி பேசுவது, சில்லறையை எண்ணாமல் கல்லாவைப் பூட்டுவது. 600 டிகிரியில் கலப்பில்லாத புரொப்பேனுக்குச் சமநிலைக் கன்வெர்ஷனே 50 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். "நன்றாகவே இருக்கிறது" என்பது எந்த அலகு தம்பி? இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஊசி போட்டவுடன் கட்டுரை எழுதக் கிளம்பிவிடுகிறார்கள்.

உலைக்கரி: மன்னிக்கவும் சார். 620 டிகிரி, நைட்ரஜனில் 10 சதவீதம் புரொப்பேன். முதல் ஊசி 2ஆம் நிமிடம். பேலன்ஸ் போடவில்லை. கேட்டலிஸ்ட் உள்ளே போகும்போது மஞ்சள், வெளியே வரும்போது கறுப்பு.

கந்தகம்: மஞ்சள் என்றால் காற்றில் சுட்டபோது உண்டான ஆறு இணைதிறன் குரோமியம். அது முதலில் புரொப்பேனையே எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக்கிவிட்டுத்தான் மூன்று இணைதிறனுக்கு இறங்கும். ஜிசியில் எஃப்ஐடி (சுடரில் எரித்துக் கண்டறியும் டிடெக்டர்) மட்டும் வைத்திருந்தால் அது உங்கள் கண்ணிலேயே படாது. 2ஆம் நிமிட ஊசியைத் தள்ளிவிடுங்கள். ஆனால் மீத்தேனுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

வனேடியவாசி: ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். இன்னுமா அதைக் கட்டிக்கொண்டு அழுவது? வனேடியத்துக்கு மாறுங்கள், கார்பன் டை ஆக்சைடை மென் ஆக்சிஜனேற்றியாக (மெதுவாக ஆக்சிஜன் தருவது) விடுங்கள்.

ஆலைக்காரன்: கேட்டோஃபின் முறையில் புரொப்பிலீன் எடுக்கும் ஆலைகள் ஓடுவதே குரோமியம்–அலுமினாவில்தான். படிந்த கோக்கைக் காற்று விட்டு எரிக்கிறார்கள், அந்தச் சூட்டில்தான் அடுத்த சுற்று நடக்கிறது. ஒரு சுற்றுக்கு அரை மணிகூட ஆகாது. அங்கே வந்து மென் ஆக்சிஜனேற்றி என்று சொல்லிப் பாருங்கள்.

வனேடியவாசி: ஆலை ஓடினால் விஷம் அமுதமாகிவிடுமா?

ஆலைக்காரன்: உங்கள் வனேடியம் பென்டாக்சைடு என்ன, வெண்பொங்கலா?

மூத்தபியூரெட்: 2016இலேயே போரான் நைட்ரைடை வைத்து, ஆக்சிஜன் விட்டு, புரொப்பிலீன் எடுத்துக் காட்டியாகிவிட்டது. உலோகமே இல்லாமல். நீங்கள் இன்னும் எந்த உலோக ஆக்சைடு என்று சண்டை போடுகிறீர்கள்.

கந்தகம்: ஐயா, இந்த விவாத இழை தம்பியுடையது. @உலைக்கரி, குழாய் குவார்ட்ஸா, ஸ்டீலா? தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) எங்கே இருக்கிறது? கேட்டலிஸ்ட் இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். மீத்தேனும் எத்திலீனும் மோல் கணக்கில் ஏறக்குறைய சமமாக வந்தால், சூட்டிலேயே புரொப்பேன் உடைகிறது. மீத்தேன் மட்டும் எகிறினால் ஸ்டீல் சுவரில் உள்ள நிக்கலைச் சந்தேகப்படுங்கள். வெறும் குழாயில் ஒன்றும் வராவிட்டால் அலுமினாவை மட்டும் போட்டு ஓட்டுங்கள், பச்சைக்கல் சொன்னது சரியா என்று அப்போது தெரிந்துவிடும். கேட்டலிஸ்ட் பெட்டுக்குக் (அடுக்குக்கு) கீழே சூடான காலி இடம் இருந்தால் குவார்ட்ஸ் துண்டு போட்டு நிரப்புங்கள்.

பச்சைக்கல்: பொட்டாசியம் போட்டால் இவ்வளவு ஓட்டமே தேவையில்லை.

(இரண்டு நாள் கழித்து)

உலைக்கரி: ஸ்டீல் குழாய்தான். தெர்மோகப்பிள் உலையின் ஓரத்தில் இருந்திருக்கிறது, நடுவில் வைத்துப் பார்த்தால் 658. வெறும் குழாயிலேயே இரண்டும் கிட்டத்தட்ட சமமாக வந்தன. சீனியரிடம் குவார்ட்ஸ் குழாய் கடன் வாங்கி 570இல் ஓட்டினேன், செலக்டிவிட்டி 84. பேலன்ஸ் 96. நன்றி, கைடு கூப்பிடுகிறார்.

பச்சைக்கல்: பொட்டாசியம் போட்டீர்களா, இல்லையா?

பச்சைக்கல்: தம்பி?