வீடு பூட்டிக் கிடந்தால் பக்கத்து வீடா?

உப்புவெளியான்: மேலே ஒருவர் எழுதுகிறார்: "நெடுநாள் ஆய்வில் ஆள் குறைந்தால் பக்கத்து வீட்டில் ஒருவரைப் பிடித்துப் படிவம் நிரப்பலாம், எண்ணிக்கை சரியாகிவிடும்." எண்ணிக்கை சரியாகும், ஆய்வு செத்துப்போகும். ஒரே ஆளிடம் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பக் கேட்கத்தானே இந்த ஆய்வு?

கணக்குப்பிள்ளை: எழுதியது நான்தான். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியவன். அமெரிக்காவில் 1968இல் சுமார் 5,000 குடும்பங்களோடு தொடங்கிய வருமான ஆய்வில் 1989க்குள் ஏறத்தாழப் பாதிப் பேர் விலகிவிட்டார்கள். 1998இல் அதைச் சோதித்தவர்கள் ஆள் குறைந்ததால் முடிவில் பெரிய பிழை இல்லை என்றே எழுதினார்கள். பாதி போயும் ஆய்வு நிற்கிறது!

உப்புவெளியான்: அவர்கள் பக்கத்து வீட்டுக்கா போனார்கள்? தனிக்குடித்தனம் போன பிள்ளைகளைக்கூடத் தேடித் தொடர்ந்தார்கள். வேறொரு தேசிய ஆய்வோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். அதையெல்லாம் விழுங்கிவிட்டுப் பாதிக் கதை சொல்கிறீர்.

இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்ச் சனத்தை எடும். 2006இல் போரால் இடம்பெயர்ந்து, அப்புறம் கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காகக் கிடந்தவர்கள். 2015க்குப் பிறகு காணி விடுபட, ஊர் திரும்பினார்கள். 2012இல் முகாமில் பெயர் பதிந்துவிட்டு 2016இல் அங்கேயே தேடினால் ஆள் இருக்குமா? "காணவில்லை" என்று போட்டு அடுத்த கொட்டிலில் கேட்டால், ஊர் திரும்பிய ஒருவர்கூடக் கணக்கில் வரமாட்டார். நாம் அறிய வேண்டியதே அவர்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்றுதான்.

மூதூர்க்காரி: குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களும் இப்படித்தான் விடுபடுகிறார்கள். சரி, ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் அலுக்காதா? ஒவ்வொரு முறையும் படிவத்தோடு புதுப் பிள்ளை ஒன்று வந்து கடன் எவ்வளவு, நகை எவ்வளவு என்று கேட்கிறது. முடிவை ஒருவரும் வந்து சொன்னதில்லை.

கணக்குப்பிள்ளை: பிள்ளைகளைக் குறை சொல்வது சுலபம் தங்கச்சி. உங்கள் ஊருக்கு வர நாங்கள் பட்ட பாடு...

உப்புவெளியான்: மூதூருக்குப் போகும் வழியில் கிண்ணியாப் பாலம் 2009இலேயே திறந்தாயிற்று. பேச்சை மாற்றாதீர்.

கணக்குப்பிள்ளை: பாலத்துக்கு முந்தியே களத்தில் நின்றவன் நான். முன்பு மீன் வாடி, அதுதான் கரையோர மீன்பிடிக் கொட்டில், பற்றி வாதாடியபோதும் கடைசிச் சொல் உமக்கே வேண்டும் என்று நின்றீர், மறக்கவில்லை.

உப்புவெளியான்: வாடியை விடும். பக்கத்து வீட்டுக்காரர் நாலு வருடத்துக்கு முன் என்ன பதில் சொன்னார்? அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. எதோடு எதை ஒப்பிடுவீர்?

கணக்குப்பிள்ளை: நிரப்பிய படிவத்துக்குத்தான் எங்களுக்குக் கூலி. பூட்டிய வீட்டுக்கு யார் காசு தருவார்?

உப்புவெளியான்: அப்போ கூலிக்காகத்தான் பக்கத்து வீடு. நீரே சொல்லிவிட்டீர்.

கணக்குப்பிள்ளை: நான் அப்படிச் சொல்லவில்லை. பாதி போயும் அந்த ஆய்வு நின்றது, அதற்கு முதலில் பதில் சொல்லும்.