தப்பு பண்ணினா 'மேக்', ஹோம்வொர்க் பண்ணினா 'டூ': ஏன்?

கேள்வி (தையல்கடை அக்கா): பொண்ணு பிளஸ் ஒன். 'டூ எ மிஸ்டேக்'னு எழுதினதுக்கு மிஸ் சிவப்பு மையில சுழிச்சு 'மேக்'னு மாத்தியிருக்காங்க. நமக்கு எல்லாமே பண்றதுதானே? இதுக்கு விதி உண்டா?

ஓய்வுபெற்ற வாத்தியார்: முழு விதி கிடையாதும்மா. இல்லாத ஒண்ணு உண்டானா பெரும்பாலும் மேக்: மேக் டீ, மேக் எ லிஸ்ட், மேக் எ நாய்ஸ். வேலையை முடிச்சா டூ: டூ ஹோம்வொர்க், டூ த டிஷஸ். ஆனா 'மேக் த பெட்'னா கட்டில் செய்யறது இல்ல, படுக்கையைச் சரி பண்றது! அங்க விதி கைவிட்டுடும்.

நான் பிள்ளைங்களுக்கு 'போடு'வை வெச்சுத்தான் ஆரம்பிப்பேன். டீ போடு, திட்டம் போடு ரெண்டும் மேக். லீவு போடு, மாத்திரை போடு ரெண்டும் டேக். கோலம் போடுன்னா டிரா. கையெழுத்து போடுன்னா வெறும் சைன். நம்ம ஒரு போடுக்கு அவங்க எத்தனை வெச்சிருக்காங்க பாருங்க. அதனால பெயர்ச்சொல்லோட சேர்த்தே மனசுல ஏத்தணும். வினையைத் தனியா படிச்சுப் பிரயோஜனமில்ல.

கோவை பையன்: சார், 'டேக் எ டெசிஷன்' தப்பா? ஆபீஸ்ல ஒருத்தர் திருத்தினார்.

வாத்தியார்: தப்பில்ல தம்பி. பிரிட்டிஷ்காரங்க ரெண்டும் சொல்வாங்க, அமெரிக்காவுல மேக்தான் வழக்கம். அவர் அமெரிக்க கிளையன்ட்டோட பேசுறவரா இருக்கும்.

தையல்கடை அக்கா: போடு கணக்கை அவகிட்ட சொன்னேன் சார். 'சண்டை போடு'வுக்கு என்னன்னு கேக்குறா.

வாத்தியார்: ஹேவ் எ ஃபைட். வலிய இழுத்தா பிக் எ ஃபைட்.